டங்... டங்... சத்தம் காதைத் தின்னுது!
அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலாளர்களே, உஷார்!

திருப்பூர்–

"கடைக்குப் போயிட்டு வாங்க" என்று மனைவி சொன்னால், "எந்தப் படை?" என்று கேட்கிறீர்களா? நீங்கள் டி.வி. வைக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறாரா?

சிரிக்க வேண்டாம். காது போய்க்கொண்டிருக்கலாம்!

அவினாசி ரோட்டில் பஸ்சை விட்டு இறங்கி அனுப்பர்பாளையம் சந்துக்குள் நுழைந்தால் போதும். டங்... டங்... டங்! பித்தளை அண்டா, செம்புக் குடம், தாம்பாளம் என்று சுத்தியல் அடி விழுகிறது. புதிதாக வருகிறவர் காதைப் பொத்துவார். பட்டறைக்காரரைக் கேட்டால், "பழகிப் போச்சுங்க" என்பார்.

பழகிப் போகவில்லை. காது மந்தமாகிவிட்டது.

300 வருஷத்துக்கு முந்தின கதை

இத்தாலி நாட்டு டாக்டர் ராமஸ்ஸினி 300 வருஷத்துக்கு முன்பே இதை எழுதி வைத்துவிட்டார். வெனிஸ் நகரில் செம்பு அடிக்கிறவர்கள் ஒரே பகுதியில் கூடி வசித்தார்களாம். வயசானால் செவிடாகி விடுவார்களாம். அனுப்பர்பாளையத்தைப் பார்க்காமலே நம்ம கதையை எழுதிவிட்டார் மனுஷன்!

உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதில் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15 ஆயிரம் மயிரிழை அணுக்கள். சத்தத்தை மூளைக்கு அனுப்புவது இவைதான். வருஷக்கணக்கில் சுத்தியல் சத்தம் தாக்கினால் இவை செத்துப்போகும். தலைமுடி மாதிரி மறுபடி முளைக்காது.

முதலில் போவது கீச்சுச் சத்தம். குழந்தை பேச்சு, குருவிச் சத்தம். கடை, சடை, தடை, படை நாலும் ஒன்று போலக் கேட்கும். "சத்தம் கேக்குது, பேச்சுத்தான் புரியலே" என்பது இதுதான். ரோட்டில் பின்னால் வரும் வண்டி தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சம், 100 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான் என்று தொழிற்சாலை விதிகளில் எழுதினார்கள். பீஸ் ரேட்டுக்கு அடிக்கிறவர் கடிகாரம் பார்ப்பாரா?

கருவி என்ன செய்யும்?

செத்த அணுவுக்குக் கருவி உயிர் கொடுக்காது. உங்களுக்கு எந்தச் சத்தம் குறைந்ததோ அதைத் தூக்கிக் கொடுக்கும். அதற்குக் காதுச் சோதனைச் சீட்டு வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சோதனை இல்லாமல் வாங்கினால் எல்லாச் சத்தமும் சேர்ந்து இரையும். வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கலாம். அதற்குக் கருவியே தேவையில்லை.

மாட்டின புதிதில் ஃபேன் சத்தம்கூட எரிச்சலாக இருக்கும். பல பேர் இரண்டாம் நாளே கழற்றிப் பீரோவில் வைத்து விடுகிறார்கள். மூளை பழகச் சில வாரம் ஆகும் சாமி! கண்ணாடி போடக் கூச்சப்படாதவருக்கு இதில் மட்டும் என்ன வெட்கம்?

பட்டறையில் கருவி மாட்டக்கூடாது. அங்கே தேவை காதை மூடும் கவசம். பஞ்சு அடைத்தால் போதாது. கூலி பேசும்போது கவசத்துக்கும் ஒரு வார்த்தை போடலாமே?

எங்கே போவது?

அரசு ஆஸ்பத்திரி காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் அங்கே கேட்கலாம். இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்து சான்றிதழ் பெற்றவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு மனு கொடுக்கலாம்.

ஒரு விஷயம். பட்டறையிலிருந்து நேரே சோதனைக்குப் போகாதீர்கள். சத்தத்தில் இருந்த காது பல மணி நேரம் மந்தமாகவே இருக்கும். ஞாயிறு லீவு கழித்து, திங்கள் காலை சுத்தியலைத் தொடுவதற்கு முன்னால் போனால் கணக்கு சரியாக வரும்.