நூறாண்டு ஆய்வும் ஓராண்டுக் கணக்கும்

கல்வியாண்டு முடியும் நேரத்தில் பல்கலைக்கழகத் துறை அலுவலகங்களில் ஒரு படிவம் வலம் வரும். அகத்தர உறுதி மையத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கைப் படிவம் அது. ஐ.க்யூ.ஏ.சி. என்று சொன்னால்தான் வளாகத்தில் எல்லோருக்கும் புரியும். எத்தனை கருத்தரங்கு நடத்தினீர்கள், எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டீர்கள், ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ்களில் எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை மாணவர்களுக்கு வேலை கிடைத்தது என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும்: புகைப்படம், வருகைப் பதிவு, அழைப்பிதழ். இயற்பியல் துறைக்கும் அதே படிவம்தான், வரலாற்றுத் துறைக்கும் அதே படிவம்தான்.

கணக்குக் கேட்பதில் தவறில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் துறை கணக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வரலாறு, பொருளியல், தமிழ், மெய்யியல், மானிடவியல் போன்ற துறைகள் செய்யும் வேலையின் பெரும்பகுதி ஓராண்டுக்குள் தொடங்கி ஓராண்டுக்குள் முடிவதில்லை. ஒருவர் தொடங்குவார், அவருடைய மாணவர் தொடர்வார், மாணவரின் மாணவர் முடிப்பார். அந்தத் தொடர்ச்சி இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்பதுதான் அந்தத் துறைகளின் உண்மையான ஆண்டு நிலவரம். அதைக் கேட்கும் கட்டம் எதுவும் படிவத்தில் இல்லை. இதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தை விடச் சிறந்த சாட்சி கிடைக்காது.

1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வந்த வேகத்தில் அவருக்கு ஒன்று புரிந்தது: கையில் இருக்கும் பாடநூல்களில் இந்தியக் கிராமம் இல்லை. ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார். மாணவர்களிடம் கொடுத்து, அவரவர் ஊருக்குப் போய் விடைகளோடு வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, குத்தகை எவ்வளவு, கூலி தானியமா காசா, கடன் யாருக்கு யார் கொடுத்தது, எத்தனை பேர் ஊரை விட்டுப் போனார்கள் என்பன போன்ற கேள்விகள். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தின் வடமலாபுரம் ஆகிய ஊர்களோடு மலபார் ஊர்களும் சேர்ந்து 1918இல் நூலாயின. பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆய்வு வரிசையில் அதுவே முதல் நூல்.

அன்று பல்கலைக்கழகம் வரை வந்த பிள்ளைகள் எந்த வீடுகளிலிருந்து வந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அவர்கள் எழுதிய அறிக்கைகளில் படியாள் வருகிறார். கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காக மிராசுதாரிடம் கட்டுண்டு, கூலியை நெல்லாக வாங்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தில் உழைத்தவர் அவர். தன் ஊரைப் பற்றி எழுதவோ பேசவோ அவருக்கு அன்று வழியில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள்.

அந்த நூல் அதோடு முடிந்திருந்தால் நூலகத்தில் தூசு படிந்த ஒரு பழைய புத்தகமாகியிருக்கும். பொருளியல் பேராசிரியர் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் 1930களின் நடுவில் அதே ஊர்களை மீண்டும் ஆய்வு செய்யவைத்தார்கள். 1940இல் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. 1961இல் ஆய்வாளர் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அந்த ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார்கள். இருவேல்பட்டுக்கு எஸ்.குகனும் மானிடவியலர் ஜோன் மென்ஷரும் 1981இல் போனார்கள். பிறகு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் ஆகிய மூவரும் போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பார்த்த ஆய்வு உலகிலேயே அரிது.

அப்படிப் பார்த்ததால்தான் சில உண்மைகளை உறுதியாகச் சொல்ல முடிந்தது. படியாள் முறை சட்டம் போட்ட மறுநாள் மறைந்துவிடவில்லை என்பது தெரிந்தது. ஊரையே கையில் வைத்திருந்த நிலக்கிழார் குடும்பத்தின் பிடி எப்படித் தளர்ந்தது, வெளியூர் வேலையும் அரசின் திட்டங்களும் கூலிக்காரரின் பேரம் பேசும் வலிமையை எப்படிக் கூட்டின என்பதெல்லாம் ஊர் ஊராக, வீடு வீடாகத் தெரிந்தது. தமிழ்நாட்டின் சமூக மாற்றத்தைப் பற்றி மேடைகளில் ஆயிரம் பேசுகிறோம். அதற்கு அசைக்க முடியாத ஆதாரம் எங்கே என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டக்கூடியவற்றுள் முன்வரிசையில் நிற்பது இது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1940க்குப் பிறகு வந்த முக்கியமான மறு ஆய்வுகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களால் நடந்தவை. தொடங்கிய இடம் தொடராமல் போனது நம் காலத்துக்கு முன்பே நேர்ந்த இழப்பு.

இதே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் ஒருவர் தொடங்க இன்னொருவர் முடித்துத்தான் உருவானது. 1913இல் தொடங்கிய பணி. சாண்ட்லர் பாதிரியார் மதுரையில் இருந்து தொடங்கிவைத்தார், எஸ்.வையாபுரிப் பிள்ளை 1926இல் பதிப்பாசிரியராகி 1936இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தார். 1939இல் அனுபந்தமும் வந்தது. எல்லாம் சேர்த்து 1,17,762 சொற்கள். இருபதுக்கும் மேற்பட்ட அந்த ஆண்டுகளில் எத்தனையோ வெளிப்பார்வைக்கு எதுவும் நடக்காதது போலவே கழிந்திருக்கும். சீட்டு எழுதுவதும், ஒப்பிடுவதும், சந்தேகப்பட்ட பொருளைப் பண்டிதர்களிடம் கேட்டுத் தெளிவதுமாகவே நாள்கள் போயிருக்கும். அந்த ஆண்டுகள் வீண் என்று அன்று யாரும் பணத்தை நிறுத்திவிடவில்லை. அதனால்தான் இன்று நம் கையில் அகராதி இருக்கிறது.

இப்போதைய அளவுகோலுக்கு வருவோம். என்.ஐ.ஆர்.எஃப். என்னும் தேசியத் தரவரிசை, ஆய்வு வெளியீடுகளை எண்ணுவதற்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களைத்தான் பார்க்கிறது. இரண்டிலும் மேலோங்கியிருப்பவை ஆங்கில இதழ்கள். தமிழ் இலக்கியத் துறையில் ஒருவர் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பத்தாண்டு உழைத்து ஒரு செம்பதிப்பைத் தமிழில் கொண்டுவந்தால் அந்த எண்ணிக்கையில் அதற்கு இடமில்லை. நான்கு பேர் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரைக்கு இடம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த கேர் என்னும் இதழ்ப் பட்டியலில் இந்திய மொழி இதழ்களுக்கும் இடம் கிடைத்தது. கூடவே அந்த இதழ்களின் பெயரில் போலி இணையதளம் நடத்திக் காசு பறிப்பவர்களும் முளைத்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டு, நல்ல இதழ் எது என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. இதை ஒரு வாய்ப்பாகப் பார்க்கிறேன். ஆனால் முடிவு செய்ய ஆள் வேண்டும். துறையில் ஆள் இருக்கிறார்களா?

இல்லை. இதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்த கவலை.

2023இல் சென்னைப் பல்கலைக்கழகம் கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஏ பிளஸ் பிளஸ் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேடும் குழுவில் யூ.ஜி.சி. பிரதிநிதி இடம்பெற வேண்டுமா என்பதில் அரசுக்கும் ஆளுநருக்கும் பிணக்கு ஏற்பட, நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. வருமானத்தில் அரசு மானியம் பாதியைக்கூட எட்டவில்லை, எனவே அரசு நிதியில் நடக்கும் நிறுவனத்துக்கான வரிவிலக்கு பொருந்தாது என்பது அந்தத் துறையின் வாதம். முடக்கம் பின்னர் நீங்கியது. ஆனால் 1857இல் தொடங்கிய ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து, இது அரசு நிதியில் நடக்கிறதா என்று வரி அதிகாரி கேட்கும் நிலை வந்ததே, அந்த வேதனை நீங்கவில்லை.

ஆசிரியர் பணியிடங்களில் பாதிக்கு மேல் காலி என்று ஆசிரியர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகின்றன. ஓய்வுபெறும் நாளில் சால்வை போர்த்தி வாழ்த்திப் பேசி அனுப்பிவைக்கிறார்கள். அந்த அறை பூட்டப்படுகிறது. வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் எடுக்கிறார்கள். அவர்களில் பலர் அருமையான ஆசிரியர்கள். நிரந்தரப் பணியில் இருப்பவரின் சம்பளத்துக்கு அருகில்கூட வராத தொகுப்பூதியத்துக்கு அதே பாடத்தை நடத்துகிறார்கள். இந்த அநீதியைத் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது, இதனால் ஆய்வுக்கு என்ன நேர்கிறது என்பது.

யூ.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்ட நெறியாளராக நிரந்தர ஆசிரியர் மட்டுமே இருக்கலாம். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் கைடாக இருக்கலாம். ஓய்வுக்கு மூன்றாண்டு இருக்கும்போதே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட வேண்டும். அறுபதில் ஓய்வு என்றால் ஐம்பத்தேழிலேயே அந்தக் கதவு மூடிவிடுகிறது. இரண்டு உதவிப் பேராசிரியர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் துறை, எவ்வளவு பழம்பெருமை உடையதானாலும், எட்டு ஆய்வாளர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. எம்.ஃபில். படிப்பையும் அதே விதிகள் நிறுத்திவிட்டன. எம்.ஏ. முடித்த ஏழைப் பிள்ளை ஓராண்டு முயன்று பார்த்து, ஆராய்ச்சி நமக்கு ஒத்து வருமா என்று தெரிந்துகொள்ள இருந்த வழி அது.

ஒரு கல்வெட்டை மைப்படி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகைக் கட்டையால் எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தட்டி, பிறகு மைப்பொதியால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தினால் தாள் கிழியும். விட்டால் எழுத்து பதியாது. எடுத்த படியில் தேய்ந்துபோன ஓர் எழுத்து ‘ர’வா காலா என்று சொல்ல நூறு படிகளைப் பார்த்த கண் வேண்டும். ஆசிரியர் விரலால் தொட்டுக் காட்ட, மாணவர் வாய்விட்டுப் படிக்க, இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் போகும். காணொளி பார்த்து வருகிற வித்தை இல்லை. அதைக் கற்றுத்தர வேண்டியவர் வாரிசு இல்லாமல் ஓய்வுபெற்றுவிட்டால், பத்தாண்டு கழித்து அந்தப் பணியிடத்தை நிரப்பினாலும் போனது திரும்பாது.

இந்த இழப்பு யாருக்கு நேர்கிறது என்பது என்னை இன்னும் உலுக்குகிறது. இன்று கலைப் பாடங்களில் முதுகலை படிக்க வருபவர்களில் பெரும் பங்கு முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அரசுப் பள்ளியில் படித்து, பெண்கள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெற்று, ஊரிலுள்ள அரசுக் கல்லூரியில் இளங்கலை முடித்துச் சென்னைக்கு ரயிலேறுகிறார்கள். ஸ்லேட்டரின் நூலில் படியாளாக எழுதப்பட்ட ஒருவரின் கொள்ளுப்பேத்தி இன்று அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும். தன் ஊரைப் பற்றிய பழைய நூலைப் படித்து, இதில் எங்கள் தெரு ஏன் இல்லை, எங்கள் பாட்டி வாங்கிய கூலி ஏன் தனியாக எழுதப்படவில்லை என்று கேட்கக்கூடியவர் அவர். நூறாண்டுகளாக யாரும் கேட்காத கேள்விகள் அவை. அவர் வந்து சேரும் நேரத்தில் கைடு இல்லை, இடம் இல்லை என்று திருப்பி அனுப்புவதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அரசு செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பமே இல்லை. மானியத்தை உயர்த்த வேண்டும், காலியிடங்களை நிரப்ப வேண்டும். அதிலும் கலைத் துறைகளில் ஒருவர் ஓய்வுபெறுவதற்கு இரண்டாண்டு முன்பே அவருக்கு அடுத்தவரைப் பணியில் அமர்த்த வேண்டும். இருவரும் ஒரே அறையில் இருந்தால்தான் வேலை கைமாறும். செலவு கூடும் என்பார்கள். ஓர் ஆசிரியருக்கு இரண்டாண்டுச் சம்பளம் அது. முப்பது ஆண்டில் ஒருமுறை வருகிற செலவு.

அதுவரை துறைகளும் ஒன்று செய்யலாம். ஆண்டறிக்கையோடு தனியாக இரண்டு பக்கம் இணைக்கலாம். இந்த ஆண்டு ஓய்வுபெற்றவர் எந்த ஆய்வைப் பாதியில் விட்டுச் சென்றார், அவரிடம் இருந்த களக்குறிப்புகளும் படிகளும் எங்கே வைக்கப்பட்டுள்ளன, அவர் நடத்திய எந்தப் பாடத்தை இப்போது நடத்த ஆளில்லை, இடமில்லாமல் திரும்பிய ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர், அவர்கள் எழுதிக்கொண்டுவந்த தலைப்புகள் என்னென்ன என்று எழுதலாம். படிவம் கேட்காவிட்டாலும் எழுதலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. துறைத் தலைவரின் கையெழுத்துப் போதும்.