தோற்ற பருவத்திலும் கூடவே இருந்தோம்

வென்ற அணிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்த படமும் அதன் கீழே நாலு வரியும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிடும். தோற்ற அணியைப் பற்றி யார் எழுதுவார்கள்? அதுவும் ஓர் ஆட்டத்தில் அல்ல, ஒரு குளிர்காலம் முழுவதும் தோற்றுக்கொண்டிருந்த பெண்கள் அணியைப் பற்றி? அந்த அணியை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை பார்த்தவர்கள் என்ற உரிமையில் நாங்கள் எழுதுகிறோம்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பென்ற் நகரத்தை ஒட்டி நோற்றர் டேம் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி 2019-20 பருவத்தில் 31 ஆட்டங்கள் ஆடியது. 13இல் வென்றது, 18இல் தோற்றது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்குக்குள் எமது பெற்றோரும் பிள்ளைகளும் யோசிக்க வேண்டிய விடயம் ஒன்று இருப்பதாக எங்களுக்குப் படுகிறது.

எங்களுக்கு இதில் என்ன உறவு?

நாங்கள் என்றால், ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஐந்து பேரும் எங்கள் குடும்பங்களும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய எங்களுக்கு ஒரு பல்கலைக்கழக அணி எப்படிச் சொந்தமானது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காரணம் ஒரு கனடியப் பெண். இங்கே ஒன்ராறியோவில் குவெல்ப் நகரத்தைச் சேர்ந்த நற்றாலி அச்சொன்வா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஆடியபோது அவருக்கு 19 வயது. அவர் படித்ததும் ஆடியதும் நோற்றர் டேமில். 2014 மார்ச்சில், இறுதிக் கட்டத்துக்குப் போகும் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் நாண் அறுந்தது. அவருக்காகப் பார்க்கத் தொடங்கிய நாங்கள், அவர் போன பின்னும் பார்த்துக்கொண்டேயிருந்தோம்.

ஆட்டத்தின் நுணுக்கங்களை எங்களுக்கு விளக்கியவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். அவர்களில் இருவர் ஊரில் பாடசாலை வலைப்பந்து அணிகளில் ஆடியவர்கள். எமது பெண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் வலைப்பந்து, கூடைப்பந்திலிருந்து பிறந்த ஆட்டம்தான். கூடைப்பந்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோவில் பிறந்தவர். பெண்களுக்காக அதன் விதிகளை மாற்றி அமைத்த செண்டா பெரென்சன், லித்துவேனியாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. ஊர் விட்டு ஊர் வந்த ஒருத்தியின் கை இந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

சவுத் பென்ற் அரங்குக்கு நாங்கள் ஒரு நாளும் போனதில்லை. இங்கிருந்து காரில் ஏழெட்டு மணித்தியாலம். ஆனால் நடுவில் எல்லை இருக்கிறது. எல்லையைக் கடக்கும் பத்திரம் எங்கள் எல்லோரிடமும் அப்போது இருக்கவில்லை. தொலைக்காட்சியில் வந்தால் தொலைக்காட்சியில், இல்லாவிட்டால் பிள்ளைகளின் கணினியில் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவோம்.

உச்சியிலிருந்து விழுந்த விதம்

இந்த அணி சாதாரண அணி அல்ல. 1987இல் பயிற்சியாளராக வந்த மஃபெற் மக்கிறோ அம்மையார் அதை நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக வளர்த்தார். 2001இலும் 2018இலும் தேசிய வெற்றிக் கிண்ணம் கிடைத்தது. 2018 வெற்றியை மறக்கவே முடியாது. நான்கு வீராங்கனைகள் முழங்கால் காயத்தால் வெளியே இருக்க, மிஞ்சியவர்கள் இறுதியாட்டத்தில் மிசிசிப்பி ஸ்ரேற் அணியை 61-58 என்று வென்றார்கள். நேரம் முடியும் தறுவாயில் ஆரிகே ஒகுன்போவாலே எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது.

அடுத்த வருடம், 2019 ஏப்ரல் 7இல், மறுபடியும் இறுதியாட்டம். பேய்லர் பல்கலைக்கழகம் 82-80 என்று முன்னால் நிற்கிறது. மிச்சம் 1.9 செக்கன். யாரும் மறிக்காமல் நின்று எறியும் 'பிறீ துறோ' இரண்டு, அதே ஒகுன்போவாலேக்குக் கிடைத்தன. முதலாவது கூடையின் விளிம்பில் பட்டு வெளியே போனது. இரண்டாவது விழுந்தும் பயனில்லை. 82-81. போன வருடம் கடைசி எறியில் வென்று தந்த அதே கை.

அந்தத் தோல்விக்குப் பின் சில நாட்களில் அணியின் முதல் ஐந்து ஆட்டக்காரரும் தொழில்முறைக் கழகங்களால் தெரிவு செய்யப்பட்டுப் போய்விட்டார்கள். ஒகுன்போவாலே, ஜக்கி யங், பிரியானா ரேர்னர், ஜெசிக்கா ஷெப்பேர்ட், மரீனா மேப்ரி. ஜக்கி யங்கைத்தான் நாட்டிலேயே முதலாவதாக எடுத்தார்கள்.

தொழிற்சாலையில் நிற்பவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். லைனில் ஐந்து பழைய கைகள் ஒரே கிழமையில் போய்விட்டால் என்ன நடக்கும்? பெல்ற் அதே வேகத்தில்தான் ஓடும். புதிதாக வந்தவர்களிடம் பலம் இருக்கிறது, உசார் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதுதான் தெரியாது. கூடைப்பந்தில் ஒருத்தியைத் தாண்டி எதிராளி உள்ளே வந்தால், அடுத்தவள் கூப்பிடாமலே வந்து மறிக்க வேண்டும். அவள் விட்டு வந்த இடத்தை மற்றவள் நிரப்ப வேண்டும். சேர்ந்து ஆடிய ஐந்து பேருக்கு இது மூச்சு விடுவது போல. புதிய ஐந்து பேருக்கு ஒவ்வொரு தடவையும் யோசித்துச் செய்யும் வேலை. யோசித்து முடிவதற்குள் பந்து கூடைக்குள் போய்விடும்.

போதாததற்கு நோயும் காயமும் வந்தன. பருவம் தொடங்குமுன்பே ஒருவருக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, அந்த வருடம் முழுவதும் ஆட முடியாமல் போனது. ஜனவரியில் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் தோளில் காயப்பட்டு நின்றுவிட்டார். வட கரோலினாவிலிருந்து கடைசி வருடத்துக்கு மட்டும் வந்த டெஸ்ரினி வோக்கரும், பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த சாம் புரூனெலும் பெருஞ்சுமையைத் தூக்கினார்கள்.

டிசம்பர் 8ஆம் திகதி கொனெக்ரிக்கற் அணியிடம் 81-57 என்று தோற்றபோது, இந்தப் பருவம் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மார்ச் மாதம், தமது பிரிவின் கிண்ணப் போட்டியில், அந்த வருடம் முழுவதும் தோற்று வந்த பிற்ஸ்பேர்க் அணியிடமே தோற்று வெளியேறினார்கள். 1991-92க்குப் பின் இந்த அணி வெற்றிகளிலும் பார்க்கக் கூடிய தோல்விகளோடு முடித்த முதல் பருவம் அது. ஆனால் பிற்ஸ்பேர்க் பிள்ளைகள் அன்று துள்ளிக் குதித்ததைப் பார்த்தபோது எங்களுக்குக் கோபம் வரவில்லை. அவர்களும் ஒரு குளிர்காலம் முழுவதும் தோற்றவர்கள்தானே.

"பார்க்க வந்த ஆக்கள் மூண்டு பேர்"

ஜனவரி மாதம், தோல்விக்கு மேல் தோல்வி வந்த நேரத்தில், எங்களில் ஒருவர் "இனி என்னத்தைப் பார்க்கிறது?" என்று சொல்லி எழும்பினார். அப்போது சமையலறையில் நின்ற அக்கா ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

"நாங்கள் ஊரில ஆடேக்கை ஒரு வருசம் ஒரு மட்சும் வெல்லேல்லை. வெண்ட வருசங்களைவிட அந்த வருசம்தான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பார்க்க வந்த ஆக்கள் மூண்டு பேர். அவையின்ர பேர் இப்பவும் சொல்லுவன்."

எழும்பியவர் திரும்ப இருந்தார்.

தோல்வி என்ற சொல்லை நாம் இலேசாகப் பாவிப்பவர்கள் அல்லர். எமது வாழ்க்கையில் நடந்தவற்றோடு ஒரு பந்தாட்டத் தோல்வியை ஒப்பிட நாங்கள் வரவில்லை, அது சரியுமில்லை. விளையாட்டில் தோற்றவர் மறுநாள் திரும்பவும் ஆடலாம். அதனால்தான் அங்கே தோற்றுப் பழகலாம். அந்தப் பிள்ளைகள் ஆட்டம் கைவிட்டுப் போன பின்னும் வெளியே போகும் பந்தைத் துரத்தி ஓடியதையும், வாங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டியதையும் நாங்கள் பார்த்தோம். வெல்லும் வருடங்களில் இவையெல்லாம் கண்ணில் படுவதில்லை. கண் புள்ளிப் பலகையிலேயே இருக்கும்.

பிறகு நடந்தவை

2020 ஏப்ரலில் மக்கிறோ அம்மையார் ஓய்வு பெற்றார். பயிற்சியாளராக மொத்தம் 936 வெற்றிகள். கடைசிப் பருவம் அவருக்கு மோசமான பருவங்களில் ஒன்று. ஆனால் எவரும் அவரை அந்த ஒரு வருடத்தை வைத்து அளக்கவில்லை. அவருடைய இடத்துக்கு வந்த நியெல் ஐவி, 2001 கிண்ணத்தை வென்ற அணியில் ஆடியவர். பின்னர் அவரிடமே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

புதிய பயிற்சியாளர் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. 2020-21இல் 10 வெற்றி, 10 தோல்வி. தேசியப் போட்டிக்கு அந்த வருடமும் இடமில்லை. அதற்கு அடுத்த பருவத்தில்தான் 24 வெற்றி, 9 தோல்வி என்று எழும்பினார்கள். 2022-23இல் 27 வெற்றி, 6 தோல்வி; தமது பிரிவில் முதலிடம். 2019இல் போன மரீனா மேப்ரியின் தங்கை டாராவும் இந்தப் புதிய அணியில் ஆடினார். விழுந்த அணி எழும்ப இரண்டு வருடங்களுக்கு மேல் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் யாரோ பயிற்சிக்குப் போனார்கள், யாரோ பார்க்க வந்தார்கள்.

எமது பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்கிறோம்?

இதை எழுதுவதன் நோக்கம் இங்கேதான் இருக்கிறது. எமது வீடுகளில் பெண்பிள்ளைகள் பாடசாலை அணியில் சேருகிறார்கள். இரண்டு வருடம் ஆடுகிறார்கள். ஒன்பதாம் பத்தாம் வகுப்பு வந்ததும் ரியூசன் என்று மறிக்கிறோம். "வெல்லாத ரீமுக்கு ஏன் மினக்கெடுறாய்?" என்று கேட்கிறோம். கிண்ணம் வந்தால் கண்ணாடி அலுமாரியில் வைக்கிறோம். கிண்ணம் வராவிட்டால் அந்தப் பிள்ளை எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மகன் தோற்று வந்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்கிறோம். மகள் தோற்று வந்தால் போதும் நிறுத்து என்கிறோம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். 2019இல் இங்கிலாந்தில் நடந்த வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி கடைசி வரிசைகளில் முடித்தது. ஆனால் அந்தப் போட்டி முழுவதிலும் மிக அதிகமான கோல்களைப் போட்டவர் தர்ஜினி. தோற்கும் அணி என்று அவரை வீட்டில் மறித்திருந்தால் அந்தப் பெயர் எங்கே இருந்திருக்கும்?

எல்லாப் பிள்ளையும் தர்ஜினி ஆகப்போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் ஓர் அணியில் தோற்று, அடுத்த நாள் பின்னேரம் அதே அணியோடு பயிற்சிக்குப் போகும் பிள்ளை, பிற்காலத்தில் வேலை போனாலும், சோதனையில் தவறினாலும், கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க மாட்டாள் என்று நாங்கள் நம்புகிறோம்.

பெற்றோரே, பாடசாலை ஆட்டங்கள் பெரும்பாலும் பாடசாலை முடிந்த கையோடு நடக்கும். எங்களைப் போல இரவு வேலை செய்பவர்களுக்கு அது நித்திரை நேரம். பகல் வேலை செய்பவர்களுக்கு லீவு எடுக்க வேண்டிய நேரம். தெரியும். ஆனாலும் பருவத்தில் ஒரு நாளாவது ஒரு மணித்தியாலம் போய் இருங்கள். வெல்லும் ஆட்டமாகப் பார்த்துப் போக வேண்டாம். போக முடியாத நாட்களில், பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "வெண்டதோ?" என்று முதலில் கேட்காமல், "எவ்வளவு நேரம் ஆடினாய்? ஆருக்குப் பந்து குடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அவள் சொல்லத் தொடங்குவாள்.