கணிதம் பயின்றோர் – 6
ஆனர்ஸ் வகுப்பும் ரசீன் பாதிரியாரும்

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரைபாஸ் பரீட்சையைப் பற்றியும், அதில் முதல் வகுப்பில் தேறியவர்களை 'ராங்கிளர்' என்று பெயரிட்டு வரிசைப்படுத்திய வழக்கத்தைப் பற்றியும், 1899-ஆம் ஆண்டில் நம் நாட்டவரான பராஞ்சபே அவ்வரிசையின் முதலிடத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டதைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்தப் பரீட்சையின் சாயல் கடல் கடந்து வந்து, 1857-ல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் கணிதப் படிப்பின்மீதும் நெடுங்காலம் படிந்திருந்தது என்பதையும், அந்தச் சாயலுக்குள்ளேயே இருந்துகொண்டு அதற்கு அப்பாற்பட்ட ஒன்றைத் தம் மாணாக்கர்களுக்குக் காட்டிய ஓர் ஆசிரியரின் சரித்திரத்தையும் இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

இண்டர்மீடியட் இரண்டாண்டு முடித்தபின் கணிதத்தை மட்டுமே பிரதானமாகக் கொண்டு மூன்றாண்டுகள் பயிலும் பி.ஏ. ஆனர்ஸ் என்ற படிப்பு, 1950-களின் இறுதியில் மறையும் வரையில், சென்னை ராஜதானியில் கணிதத்தை விரும்பிய இளைஞனுக்குக் கிட்டக்கூடிய மிக உயர்ந்த கல்வியாக இருந்தது. அதன் பரீட்சையில் தேற்றத்தைப் புத்தகத்திலுள்ளபடி பிசகாமல் எழுதிக் காட்டவேண்டும். அதன் கீழே 'ரைடர்' என்று கொடுக்கப்பட்டிருக்கும் கணக்கை, அந்தத் தேற்றத்தையே கருவியாகக் கொண்டு, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டு முடிக்கவேண்டும். இந்தப் பயிற்சி விரலுக்கு வேகத்தையும் கண்ணுக்குக் கூர்மையையும் தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தேற்றம் ஏன் தோன்றிற்று, அது இல்லாவிட்டால் எந்தக் கட்டடம் சரிந்துவிடும், அதைத் தாண்டி இன்று யார் எங்கே நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

இங்கிலாந்திலேயே இதை வன்மையாகக் கண்டித்தவர் ஹார்டி. 1898-ல் நான்காம் ராங்கிளராகத் தேறிய அவர், தமக்குச் சில பருவங்கள் கற்பித்த பேராசிரியர் லவ் என்பவரின் யோசனைப்படி ஜோர்டான் என்ற பிரெஞ்சுக்காரரின் பகுப்பாய்வு நூலைப் படித்தபோதுதான் கணிதம் என்றால் இன்னதென்று உணர்ந்ததாகப் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். ராங்கிளர்களை வரிசைப்படுத்தும் வழக்கம் 1909-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. அதுவும் போதாதென்று ஹார்டி 1926-ல் தமது தலைமையுரை ஒன்றில் அந்தப் பரீட்சையே வேண்டாமென்று வாதாடினார்.

ஜோர்டானின் நூலில் ஹார்டி கண்டது என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதை விவரிப்பதைவிட, கணிதப் பட்டப்படிப்பில் ஒவ்வொரு மாணாக்கனும் எதிர்கொள்ளும் ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்பதே நலம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்களை, அவ்விரு எண்களையும் சேர்த்தே, எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வர்க்கம், கனம், நான்காம் படி, ஐந்தாம் படி என்று முடிவின்றிக் கணக்கிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வளைகோடு வரைந்தால், அவற்றுள் எந்தக் கோட்டிலும் முறிவு என்பதே இராது. பென்சிலை எடுக்காமல் வரைந்துவிடலாம். இப்போது ஒவ்வோர் எண்ணும் என்ன ஆகிறதென்று கவனிப்போம். 0.9-இன் பத்தாம் படி ஏறக்குறைய 0.35, நூறாம் படியோ 0.00003-க்கும் குறைவு. 0.99 அவ்வளவு எளிதில் பணிவதில்லை. நூறாம் படியிலும் 0.37-ஐ ஒட்டியே நிற்கிறது; ஆயிரமாவது படிக்குப் போனால்தான் பூஜ்யத்தை அண்டுகிறது. ஒன்று மட்டும் எத்தனையாவது படிக்குப் போனாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே, முறிவே இல்லாத கோடுகளின் வரிசை, கடைசிப் புள்ளிக்கு முன்பு வரை பூஜ்யமாகவும் அப்புள்ளியில் மட்டும் ஒன்றாகவும் முறிந்து நிற்கும் ஓர் எல்லையில் சென்று முடிகிறது.

இது அற்பமான விளையாட்டன்று. தொடர்ச்சியுள்ள சார்புகளை முடிவின்றிக் கூட்டி ஒரு மதிப்பை அடைந்தால் அந்தக் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியுள்ளதாகவே இருக்கும் என்று, பகுப்பாய்வுக்கே அஸ்திவாரமிட்ட கோஷி 1821-ல் எழுதினார். இருபத்துநான்கு வயதுகூட நிரம்பாத நார்வே இளைஞர் ஏபெல் 1826-ல் வெளிவந்த தம் கட்டுரையில் அதற்கு விலக்குகள் உண்டென்று பணிவோடு சுட்டிக் காட்டினார். எண்ணுக்கு எண் வெவ்வேறு காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறதா, அல்லது எல்லா எண்களுக்கும் ஒரே காத்திருப்பு போதுமா என்ற பேதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறதென்று 1840-களில் ஸ்டோக்ஸும் ஸைடலும் கண்டார்கள்; வையர்ஸ்ட்ராஸின் கையில் அது சீரான ஒருங்குதல் என்ற தெளிவான கருத்தாக நிலைபெற்றது. மேதைகளுக்கே இத்தனை ஆண்டுகள் பிடித்த இந்தப் பேதத்தை, பதினெட்டு வயது மாணாக்கன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து, 0.9-ஐயும் 0.99-ஐயும் தானே பெருக்கிப் பார்த்துக் கண்டுகொள்ளும் அந்த மாலைப்பொழுது இருக்கிறதே, அதற்கு ஈடான ஆனந்தம் கல்வியில் வேறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதே வரையறையை நான்கு வரிகளாக மனப்பாடம் செய்து விடைத்தாளில் இறக்கிவைத்தவனுக்கு மதிப்பெண் கிடைக்கும், ஆனந்தம் கிடைக்காது.

இந்த ஆனந்தத்தைச் சென்னையில் பலருக்குக் கிட்டச் செய்தவர் ஃபாதர் ரசீன். சேசு சபைத் துறவியான சார்ல் ரசீன், பாரிஸில் எலி கார்த்தான் என்ற மகா கணிதரின் கீழ் ஆராய்ந்து 1934-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1937-ல் நம் நாட்டுக்கு வந்து, திருச்சியில் புனித வளனார் கல்லூரியில் சுமார் இரண்டாண்டு கற்பித்தபின், 1939 முதல் சென்னை லயோலாக் கல்லூரியில் அமர்ந்து, 1976-ல் காலமாகும் வரையில் இந்த மண்ணைத் தம் மண்ணாகவே பாவித்து வாழ்ந்தார். எலி கார்த்தானின் புதல்வர் ஹென்றி கார்த்தானும், ஒரு காலத்தில் அலிகாரில் பேராசிரியராக இருந்த ஆந்த்ரே வெய்யும் அவருடைய நண்பர்கள். கணிதத்தையே புதிய அஸ்திவாரத்தின்மேல் எழுதிவிடுவதென்று பாரிஸில் புறப்பட்ட கூட்டத்தின் முன்னணியில் நின்றவர்கள் அவ்விருவரும்.

வகுப்பறையில் அவர் சொல்வதைப் பின்தொடர்வது சுலபமாக இருக்கவில்லை என்று அவரிடம் படித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். கோவையாகக் குறிப்பெழுதவைத்துப் பரீட்சைக்குத் தயார் செய்யும் போதகாசிரியர் அல்லர் அவர். ஆனால் நவீன இயற்கணிதமும் இடத்தியலும் இன்று உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கின்றன, அவற்றில் இன்னும் விடை காணாத கேள்விகள் இருக்கின்றன, அந்தக் கேள்விகளுக்கு விடை காண்பவன் இந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவனாகவும் இருக்கலாம் என்ற நம்பிக்கை அவரிடமிருந்து மாணாக்கர்களுக்குத் தொற்றிக்கொண்டது. ஹார்டியிடம் பயின்ற ஆனந்த ராவ் மாநிலக் கல்லூரியிலும், வைத்தியநாதசுவாமி சர்வகலாசாலையிலும் அக்காலத்தில் சென்னையில் செய்த தொண்டும் சிறிதன்று. அவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

ரசீன் செய்த இன்னொரு காரியம், தகுதியுள்ளவர்களைத் தகுந்த இடத்துக்கு அனுப்பியது. பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் கே. சந்திரசேகரன் கணிதப் பிரிவை உருவாக்கி வந்த சமயம் அது. லயோலாவில் ஆனர்ஸ் முடித்த எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும், இருவரும் 1932-ல் பிறந்தவர்கள், 1953-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1965-ல் அவ்விருவர் பெயராலும் வெளிவந்த தேற்றம் இன்றும் வடிவகணிதத்திலும் பௌதிகத்திலும் ஆளப்பட்டு வருகிறது. பம்பாயிலோ பாரிஸிலோ ஆயிரம் உதவிகள் கிடைத்திருக்கலாம். ஆயினும் முதல் தீபத்தை ஏற்றியது நுங்கம்பாக்கத்து லயோலா வகுப்பறை.

இவர்களுக்குப் பின் 1954-ல் ஆனர்ஸில் சேர்ந்த சி. பி. ராமானுஜம் என்ற இளைஞரின் கதை என் மனத்தை எப்போதும் வருத்துவது. எம். டி. ராமநாதனின் சங்கீதத்தில் மனத்தைப் பறிகொடுத்த அந்த இளைஞர் கல்கத்தாவிலுள்ள புள்ளியியல் நிலையத்தில் சேரவேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். அதற்கான நுழைவுத் தேர்விலும் அவர் நன்றாகவே தேறியிருந்தார். ஆனால் ரசீனின் ஊக்கத்தாலும் சிபாரிசாலும் 1957-ல், நண்பர் ராகவன் நரசிம்மனுடன், பம்பாய்க்கே புறப்பட்டார். எண் கோட்பாட்டிலும் இயற்கணித வடிவியலிலும் அவர் செய்தவை அளவிற் குறைந்தவை. ஆழத்தில் குறைந்தவை அல்ல. நோயினால் பெரிதும் துன்புற்று, முப்பத்தாறு வயதில், 1974-ல் அவர் மறைந்தார்.

இன்று நம் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. மேத்ஸ் படிப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். கிராமத்திலிருந்து வந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண்கள் அவர்களில் கணிசமானவர்கள். அவர்கள் கையில் முக்கிய வினாக்களின் பட்டியலையும், ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு, பத்து மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று அளந்த விடைகளையும் மட்டுமே கொடுத்து மூன்று வருஷங்களைக் கழித்துவிடுவது பெரும் அநியாயம். ஏபெலின் ஐயம் அவர்களுக்கும் உரிமையான சொத்து. அவர்களால் அதைப் புரிந்துகொள்ள முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

ரசீனிடம் தாம் பெற்றதை இளையவர்களுக்கு எவ்வாறு அளிப்பது என்ற சிந்தனை சேஷாத்ரியை விடவில்லை. 1989-ல் சென்னையில் அவர் தொடங்கிய கணித ஆராய்ச்சி நிலையம் தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் இயங்கியது. ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்பவர்களே முதலாண்டு மாணாக்கர்களுக்கும் பாடம் சொல்லவேண்டுமென்ற உறுதியோடு, 1998-ல் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளநிலைப் பட்டப்படிப்பு அங்கே ஆரம்பமாயிற்று. நுழைவுத் தேர்விலேயே விடையோடு நிரூபணத்தையும் எழுதும்படி கேட்டார்கள். ஆனால் பட்டம் வழங்கும் அதிகாரம் அந்நிலையத்துக்கு இல்லாததால், சென்னையில் படித்தவர்களுக்கான பட்டம் மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டியிருந்தது. 2005-ல் சிறுசேரிக்கு இடம் பெயர்ந்து, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற தகுதியைப் பெற்ற பிறகே சென்னைக் கணிதவியல் கழகம் என்று பெயர்பெற்ற அந்நிலையம் தன் பெயரிலேயே பட்டம் அளிக்கலாயிற்று. அங்கே முதலாண்டில் என்னென்ன பாடங்கள் வைக்கப்பட்டன, அவற்றைச் சாதாரணக் கல்லூரியொன்றில் எந்த அளவுக்குப் பின்பற்ற இயலும் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)