டைனோசார் என்று நினைத்தார்கள், மீனாக இருந்தது!

இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்று ஓர் ஊர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்திலேயே அதைச் சுற்றிலும் செங்கல் சூளைகள் பெருகிவிட்டன. சூளைக்குக் களிமண் வெட்டும்போது, மண்ணுக்குள்ளிருந்து கல்லாய்ச் சமைந்த எலும்புகள் வெளிவரும். சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடலாக இருந்தது!

ஆல்பிரட் லீட்ஸ் என்ற விவசாயி அருகில் வசித்தார். இந்த எலும்புகளைச் சேர்ப்பதில் அவருக்குப் பெரிய பித்து. ஒரு சமயம் அவருக்குத் தட்டையான பெரிய எலும்புகள் சில கிடைத்தன. 1887ல் அவற்றைப் பரிசோதித்த ஹல்க் என்ற நிபுணர், அவை டைனோசாரின் முதுகுத் தகடுகள் என்று கருதினார். மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து பேராசிரியர் மார்ஷ் வந்தார். டைனோசார் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர் அவர். பார்த்ததும், இது மீனுடைய எலும்பு என்று சொல்லிவிட்டார்!

1889ல் ஸ்மித் உட்வர்டு என்ற விஞ்ஞானி அந்த மீனுக்குப் பெயர் வைத்தார். லீட்ஸிக்திஸ் பிராப்ளமாடிகஸ். வாயில் நுழையாத பெயர்தான். 'புதிராக இருக்கும் லீட்ஸ் மீன்' என்று பொருள்.

என்ன ஜாதி மீன்?

விசிறியின் ஈர்க்குகள் போல் மெல்லிய கதிர்கள் தாங்கி நிற்கும் துடுப்புள்ள மீன்களைக் கதிர்த்துடுப்பு மீன்கள் என்பார்கள். நாம் உண்ணும் வஞ்சிரம், கெண்டை, விரால், அயிரை எல்லாம் இந்த வகையே. சுறாவும் திருக்கையும் வேறு வகை. லீட்ஸ் மீனும் கதிர்த்துடுப்பு வகைதான். இன்றைய மீன்களுக்கு ஒரு பழைய பங்காளி என்று சொல்லலாம். அதன் குடும்பத்தில் பலர் வேகமாகப் பாய்ந்து இரை பிடித்த வேட்டைக்காரர்கள். இதுவோ பரம சாது!

வாயைத் திறந்தபடியே நீந்தும். உள்ளே புகும் கடல் நீர் செவுள் வழியாக வெளியேறும். செவுளில் சீப்புப் பல் போல நெருக்கமாக எலும்புகள் உண்டு. நீர் வடிந்துவிடும், நீரில் மிதக்கும் பொடி உயிர்கள் தங்கிவிடும். மாவு சலிக்கும் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சிறிய உணவு!

எவ்வளவு நீளம்?

புதிரே இங்குதான். அதன் முதுகுத்தண்டு முழுவதும் எலும்பாகவில்லை, குருத்தாகவே இருந்தது. குருத்து மக்கிப் போய்விடும். ஆகவே தலை, செவுள், துடுப்பு, வால் எலும்புகள்தான் மிஞ்சின. அவையும் நொறுங்கிய துண்டுகள். நடு உடம்பு இல்லாமல் நீளத்தை அளப்பது எப்படி?

லண்டன் மியூசியத்தில் உள்ள ஒரு வால் மட்டும் சுமார் 9 அடி விரிந்தது. சிறிய உறவு மீன்களின் அளவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். உட்வர்டு சுமார் 30 அடி என்றார். 1986ல் ஒரு கணக்கு 90 அடி வரை போனது. நீலத் திமிங்கலத்துக்குச் சமம்! புத்தகங்களும் படங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

2001ல் மாணவர்கள் இருவர் பீட்டர்பரோ பக்கத்துக் களிமண் குழி ஒன்றில் மேலும் ஒரு லீட்ஸ் மீனின் எலும்புகளைக் கண்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட எலும்பு வந்துகொண்டே இருந்தது. இதையும் பழைய எலும்புகளையும் ஆராய்ந்த லிஸ்டன் குழுவினர் 2013ல் புதிய கணக்கைச் சொன்னார்கள். மிகப் பெரிய மீன் சுமார் 54 அடி. 90 அடி இல்லை. ஏமாற்றமாக இருக்கலாம், ஆனாலும் இதைவிடப் பெரிய கதிர்த்துடுப்பு மீன் எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

வயதையும் கண்டுபிடித்தார்கள். மரத்தில் ஆண்டு வளையம் இருப்பது போல இந்த எலும்பிலும் வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணிப் பார்த்தால், 28 அடி வளர 20 ஆண்டும், 54 அடி வளர 40 ஆண்டு அளவிலும் ஆகியிருக்கிறது.