ஒன்று நுழைந்ததும் மூடும் கோட்டை! சுண்டெலி முட்டையின் அதிசயக் காவல்

எலி முட்டை இடுமா?

இடாது. எலி குட்டி போடும்.

ஆனால், அந்தக் குட்டியும் முதலில் ஒரு முட்டையாகத்தான் இருந்தது! தாயின் வயிற்றுக்குள்ளேயே உண்டாகி, உள்ளேயே வளருகிற முட்டை அது. எலி மட்டும் அல்ல. பசு, ஆடு, யானை, மனிதன் எல்லாருக்கும் தொடக்கம் இப்படிப்பட்ட ஒரு முட்டைதான்.

சுண்டெலியின் முட்டை மிக மிகச் சிறியது. ஒரு கடுகின் குறுக்கே சுமார் 20 முட்டைகளை வரிசையாக வைத்துவிடலாம். 'மைக்ராஸ்கோப்' என்னும் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், முட்டையைச் சுற்றிக் கண்ணாடி போல ஓர் உறை தெரியும்.

உறையின் கனம் எவ்வளவு? ஒரு மில்லி மீட்டரை 150 பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு!

இவ்வளவு மெல்லிய உறைக்கு இரண்டு பெரிய வேலைகள் உண்டு. ஒரே ஓர் ஆண் அணுவை உள்ளே விட வேண்டும். இரண்டாவதாக வருவதைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

இரண்டும் தவறாமல் நடந்தால்தான் குட்டி பிழைக்கும்.

இரண்டு நுழைந்தால் ஆபத்து

ஆண் அணுவை 'விந்தணு' என்பார்கள். அதற்குத் தலையும் நீண்ட வாலும் உண்டு. வாலை ஆட்டி ஆட்டி நீந்திச் செல்லும். பல லட்சம் விந்தணுக்கள் புறப்படும். முட்டை வரை வந்து சேருபவை மிகச் சில.

சுண்டெலியின் முட்டையில் 20 குரோமசோம்கள் இருக்கும். தாயின் சாயலைக் குட்டிக்குக் கொடுப்பவை இவை. விந்தணுவிலும் 20 இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 40. இதுதான் சரியான கணக்கு.

இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிட்டால்? கணக்கு 60 ஆகிவிடும். அந்தக் கரு பிழைக்காது.

ஆகவே, முதல் விந்தணு நுழைந்ததும் கோட்டைக் கதவு மூடியாக வேண்டும். அதை மூடுவது யார்?

மூன்று புரோட்டீன்கள்

உறையை நெய்வது முட்டையேதான். மூன்று வகைப் புரோட்டீன்களால் அதை நெய்கிறது. அவை நூல் நூலாகத் திரண்டு, பின்னி, வலை போல ஆகின்றன.

விஞ்ஞானிகள் இந்த மூன்றுக்கும் இசட்.பி.1, இசட்.பி.2, இசட்.பி.3 என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றில் விந்தணுவைப் பிடித்துக்கொள்வது எது? இந்தக் கேள்விக்கு 1980-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது.

பால் வாசர்மன் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்த ஜெப்ரி பிளைலும் ஒரு சோதனை செய்தார்கள். உறையைக் கரைத்து, மூன்று புரோட்டீன்களையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் விந்தணுக்களுடன் கலந்து பார்த்தார்கள். பிறகு அந்த விந்தணுக்களை முட்டைகளிடம் விட்டார்கள்.

இசட்.பி.3 கலந்த விந்தணுக்களால் முட்டையில் சரியாக ஒட்ட முடியவில்லை!

பூட்டில் ஏற்கெனவே ஒரு சாவி மாட்டியிருந்தால், வேறு சாவி நுழையாது அல்லவா? அதுபோல, இசட்.பி.3 விந்தணுவை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இசட்.பி.3-ல் உள்ள ஒரு வகைச் சர்க்கரைதான் விந்தணுவை இழுக்கிறது என்றும் சொல்லப்பட்டது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் இந்தக் கருத்து பாடப் புத்தகங்களில் இருந்தது.

பழைய முடிவு ஆட்டம் கண்டது

2010-ம் ஆண்டில் கதை மாறியது.

வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் பெதஸ்தா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் ஜூரியன் டீன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் புது வகைச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள்.

ஒரு வகைச் சுண்டெலியின் இசட்.பி.3-ல், அந்தச் சர்க்கரை ஒட்டும் இடங்களை மாற்றிவிட்டார்கள். பழைய கருத்து சரியென்றால், இந்தச் சுண்டெலிகள் மலடாக இருக்க வேண்டும்.

ஆனால், அவை குட்டி போட்டன!

இன்னொரு வகைச் சுண்டெலியில் இசட்.பி.2-ஐ வெட்ட முடியாதபடி மாற்றினார்கள். விந்தணு நுழைந்து, முட்டை இரண்டாகப் பிரிந்த பிறகும், வெளியே இருந்த விந்தணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தன. கதவு மூடவில்லை!

ரகசியம் இசட்.பி.2-ல் இருக்கிறது என்று தெரிந்தது.

முட்டைக்குள் ஒரு கத்தரிக்கோல்

இசட்.பி.2-ஐ வெட்டுவது எது? 2012-ல் அதே குழுவினர் இதையும் கண்டுபிடித்தார்கள்.

முட்டையின் ஓரத்தில் நுண்ணிய பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குள் 'ஓவஸ்டாசின்' என்ற பொருள் காத்திருக்கிறது. இதுதான் கத்தரிக்கோல்.

முதல் விந்தணு முட்டையுடன் கலந்ததும், பைகள் உடைகின்றன. ஓவஸ்டாசின் வெளியே பாய்கிறது. உறையில் உள்ள இசட்.பி.2-ஐக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறது. அதன் பிறகு வரும் விந்தணுக்களுக்கு இடம் இல்லை.

வெட்டியதும் உறை ஏன் கெட்டியாகிறது? இதற்கு 2024-ல் பதில் வந்தது. சுவீடன் நாட்டில் உள்ள கரோலின்ஸ்கா நிலையத்தின் லூகா யோவினேயும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும் உறையின் அமைப்பை நுணுக்கமாகப் பார்த்தார்கள்.

வெட்டுப்பட்ட இசட்.பி.2 துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. அதனால் நூல்கள் இறுக்கிக் கட்டப்படுகின்றன. தளர்ந்த வலை இறுகிய சுவராகிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

மனித அணு ஏமாந்தது

மனித விந்தணு, சுண்டெலி முட்டையின் உறையில் ஒட்டாது. இனம் வேறு அல்லவா?

ஆனால், மனித இசட்.பி.2 இருக்கும்படி டீன் குழுவினர் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அந்த முட்டைகளின் உறையில் மனித விந்தணுக்கள் ஒட்டிக்கொண்டன! உறையைத் துளைத்து உள்ளேயும் போயின.

அதற்கு மேல் அவற்றால் முட்டையுடன் கலக்க முடியவில்லை. உறைக்கு உள்ளே முட்டைக்கு வேறு ஒரு காவலும் இருக்கிறது.

குழந்தை இல்லாத வீடுகளுக்கு

எலி முட்டையைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு?

குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகள் ஏராளம். சிலருக்கு என்ன குறை என்றே தெரிவதில்லை. ஊரார் பெண்ணைக் குறை சொல்லுவார்கள்.

2014-ல் ஒரே குடும்பத்துப் பெண்கள் சிலரை டாக்டர்கள் சோதித்தார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவர்களுடைய முட்டைகளுக்கு உறையே இல்லை என்பது தெரிந்தது. இசட்.பி.1 புரோட்டீனை உண்டாக்கும் மரபணுவில் இருந்த பிழைதான் காரணம். பிறவியிலேயே வந்த குறை. யாருடைய குற்றமும் அல்ல.

எலியும் மனிதனும் எல்லாவற்றிலும் ஒன்று அல்ல. சுண்டெலியின் உறையில் 3 புரோட்டீன்கள். மனித முட்டையின் உறையில் 4. இசட்.பி.1 இல்லாத சுண்டெலிக்கு உறை உண்டாகிறது. குட்டியும் போடுகிறது, எண்ணிக்கைதான் குறைவு. இருந்தாலும், எங்கே தேட வேண்டும் என்று வழி காட்டியது சுண்டெலிதான்.

விந்தணு உறையைத் தாண்ட முடியாதவர்களுக்கு ஒரு சிகிச்சையும் இருக்கிறது. மிக மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை எடுத்து, நேராக முட்டைக்குள் செலுத்துகிறார்கள். இந்த முறையில் முதல் குழந்தைகள் பெல்ஜியம் நாட்டில் 1992-ல் பிறந்தன.

வேலை முடிந்தது

கதவை மூடிய பிறகும் உறை உடனே போய்விடுவதில்லை. சில நாட்கள் கருவைச் சுற்றி நிற்கிறது. வழியில் குழாயின் சுவரில் கரு ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது.

கருப்பைக்கு வந்து சேர்ந்ததும், கரு அந்த உறையைவிட்டு வெளியே வருகிறது. கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வருவது போல!

பிறகு அது கருப்பையில் ஒட்டிக்கொண்டு வளருகிறது. முதல் நாளில் இருந்து சுமார் 20 நாட்களில், கண் திறக்காத சிவந்த குட்டிகள் தாயின் மடியில் கிடக்கும்.