முகுளம் கேட்கும் செய்திகள்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடித்தவருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். ‘வேகமாகத் துடி’ என்று இதயத்திற்கு நாம் கட்டளையிடுவதில்லை. பின் யார் இடுகிறார்? மூளைத்தண்டின் அடியில், தண்டுவடத்தோடு சேருமிடத்தில் இருக்கும் முகுளம்தான்!

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குச் சென்றபின் இப்பாடங்களை மலாயிலும் ஆங்கிலத்திலுமே படித்தேன். தமிழில் சொல்லிப் பார்க்கும் ஆசையே இக்கட்டுரை.

கட்டளையிடும் முன் முகுளம் செய்தி கேட்கிறது. கழுத்தின் இருபுறத் தமனிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணர்விகள் உள்ளன. இரத்த அழுத்தத்தால் தமனிச் சுவர் விரிய விரிய, அவை அனுப்பும் நரம்புத் துடிப்புகளும் கூடும். ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகள் அச்செய்தியை முகுளத்தின் நரம்பணுத் தொகுதி ஒன்றில் சேர்க்கின்றன. அதை அஞ்சல் நிலையம் எனலாம். அங்கிருந்துதான் இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பிற்கும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளுக்கும் ஆணை பிரிகிறது.

மூச்சும் அப்படியே. இரத்தத்தில் கரியமிலவாயு சற்றுக் கூடினாலும் மூளைத்தண்டின் வேதி உணர்விகள் அறிந்துகொள்ளும். மூச்சை அடக்கிப் பாருங்கள்; விரைவிலேயே உங்கள் மன உறுதியை மூளைத்தண்டு வென்றுவிடும்.

இத்துறையில் இந்தியர் ஒருவரின் பெயரும் நிலைத்திருக்கிறது. பர்மாவில் பிறந்து டில்லியில் பணியாற்றிய டாக்டர் அவுதார் சிங் பெயின்டல், நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டிய ‘ஜே உணர்விகளை’ 1950களில் கண்டறிந்தார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும்போது இவை முகுளத்தை எச்சரிக்கின்றன. அதனால் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகிறது.

செய்தி கொண்டுவரும் நரம்பே பழுதானால்? நாம் எழுந்து நிற்கையில் இரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. முகுளம் சில நொடிகளில் அழுத்தத்தைச் சரிசெய்கிறது. பல ஆண்டுகள் கட்டுப்படுத்தாத இனிப்பு நீர் இந்நரம்புகளையே சிதைக்கிறது. அதனால் எழுந்ததும் தலை சுற்றலாம். மாரடைப்புகூட வலி தெரியாமல் வரலாம். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் மூன்று பெரிய இனங்களுள் இந்நோய் மிகுந்திருந்தது நம்மவரிடம்தான்.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இருக்கும் உங்கள் பாட்டி, நாற்காலியை விட்டு எழும்போது “கிறுகிறுங்குதுய்யா” என்றால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மருந்தாலும் அப்படி நேரலாம், நரம்பாலும் நேரலாம். கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டிற்குச் செய்யக்கூடிய எளிய உதவி இது.