காட்டு ஸ்ட்ராபெரியும் கீல்வாயுவும்

உதகமண்டலத்துக்குப் போய் வருகிறவர்கள் சிறு கூடையில் ஸ்ட்ராபெரிப் பழம் வாங்கி வருவதுண்டு. அந்தப் பெரிய பழம் நேற்றுப் பிறந்தது என்றே சொல்லலாம். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இரண்டு ஜாதிகள் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்து உண்டானது அது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஐரோப்பாவின் மலைச் சரிவுகளிலும் காட்டோரங்களிலும் பழுத்து வருவது காட்டு ஸ்ட்ராபெரி. சுண்டுவிரல் நுனியளவுதான், ஆனால் மணத்தில் பெரியதை வென்றுவிடும். மருந்தென்று பெயர் பெற்றதும் இதுதான்.

அந்தப் பெயர் பரவியதற்கு முக்கிய காரணம் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ். உலகத்துச் செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டியவர் அவர், வைத்தியரும்கூட. 1750-ஆம் வருஷம் அவரைக் கீல்வாயு பிடித்துக்கொண்டது. உணவும் இல்லை, உறக்கமும் இல்லை. அந்நிலையில் ஒரு தட்டு காட்டு ஸ்ட்ராபெரியைச் சாப்பிட்டார், தூக்கம் வந்தது. மறுநாளும் சாப்பிட்டார், எழுந்து நடமாடினார். பின்னர் வருஷந்தோறும் பழக் காலத்தில் வயிறார உண்பதை விரதம் போல் அநுஷ்டித்தார். 1772-இல் உப்சாலா ஸர்வகலாசாலையில் இப்பழத்தைப் பற்றியே ஓர் ஆராய்ச்சியுரை வெளிவந்தது.

நம் வைத்திய நூல்கள் வாதரத்தம் என்று கூறும் வியாதியும் ஏறக்குறைய இதுவே. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டில் ஊசி போன்ற பளிங்குத் துகள்களாகப் படிவதால் வலி உண்டாகிறது. சிகிச்சை செய்யாவிட்டாலும் ஒரு தடவை வந்த வலி ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். லின்னேயஸைக் குணப்படுத்தியது பழமா, நாட்களா? நாட்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆகவே இந்நோய் உள்ளவர்கள் பழத்தை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இலையின் சங்கதி வேறு. அதில் துவர்ப்புச் சத்து அதிகம். நம் பாட்டிமார் வயிற்றுப் போக்குக்கு மாதுளந்தோல் கஷாயம் வைத்துக் கொடுப்பது போல, ஐரோப்பியக் கிராமத்தார் உலர்ந்த ஸ்ட்ராபெரி இலையைக் கொதிநீரிலிட்டுக் குடித்து வந்தார்கள். வாய்ப்புண்ணுக்கு அதையே கொப்புளித்தார்கள். லேசான போக்குக்கு அங்கே அது இன்றும் வழக்கில் இருக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் இதைப் பரீட்சை பார்க்க வேண்டாம். அவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரே முதல் மருந்து. பற்கள் வெளுக்கப் பழத்தைத் தேய்ப்பதும் ஒரு பழைய வழக்கம். அதிலுள்ள புளிப்பு பல்லின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

நீலகிரிக்கும் இந்தக் குடும்பத்தில் ஓர் உறவு உண்டு. அம்மலையின் பெயரையே தாங்கி, 'ஃப்ரகேரியா நீல்கெரென்ஸிஸ்' என்று ஓர் இனத்தைத் தாவர நூல்கள் குறிக்கின்றன. அதன் பழம் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். மலைப் பாதையோரம் இரத்தச் சிவப்பாகப் பழுத்திருப்பது பெரும்பாலும் போலி ஸ்ட்ராபெரி. பூவைப் பார்த்தால் தெரிந்துவிடும்: அசலுக்கு வெள்ளைப் பூ, போலிக்கு மஞ்சள். போலியில் விஷம் இல்லை, ருசியும் இல்லை.